இடது பெட்டி

முதல் அடி விழுந்ததும் பாம்புக்காதுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிரம்மின் தோலில் குச்சி பட்ட கணமே சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்து நெஞ்சில் மோதியது, மோதிய வேகத்திலேயே நின்றும் போனது. இழுவை இல்லை, இரைச்சல் இல்லை. சுவரோரம் நின்றிருந்த அவருடைய மச்சினன் கையிலிருந்த தண்ணீரைச் சட்டை மேலேயே கொட்டிக்கொண்டான்.

ஒன்றரை வருஷமாக அவர் தேடி அலைந்தது இதைத்தான். நல்ல ஸ்பீக்கர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் போதும், மச்சினனையும் அவனுடைய வேனையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போன இடத்திலெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்புவார். பெயர்பெற்ற ஸ்பீக்கர்கள், பளபளவென்று மெருகு போட்ட பெட்டிகள், எல்லாமே அவருக்குச் சோம்பேறிகள். டிரம்ஸ்காரர் அடித்து முடித்துக் கை கழுவி வீட்டுக்குப் போன பிறகும் இவை அந்தச் சத்தத்தை மென்றுகொண்டே இருக்கின்றன என்பார். அவருக்கு வேண்டியது வேகம். மெல்லியது மெல்லியதாக வர வேண்டும், அடி அடியாக விழ வேண்டும், நடுவில் தயக்கம் என்பதே கூடாது.

அப்படிக் குறை சொல்ல அவருக்குத் தகுதியும் இருந்தது. மோட்டார் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை அவருடையது. ஓடுகிற மோட்டாரின் மேல் ஒரு நீளக் கம்பியின் நுனியை வைப்பார், மறுநுனியைக் காதோடு ஒட்டிக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே பேரிங் லேசாகக் கீச்சிட்டால்கூடக் கையை நீட்டி "திருப்பி எடுத்துட்டுப் போ" என்பார். அவர் தலையாட்டினால்தான் மோட்டார் வாசலைத் தாண்டும். பாம்புக்காது என்ற பெயரை வைத்தது தொழிற்சாலைதான். பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. பட்டப்பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். கொஞ்சம் என்ன, நிறையவே.

ஸ்பீக்கருக்குச் சொந்தக்காரர் ஒரு டீச்சர். முப்பத்து மூன்று வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தொலைபேசியில் பேசும்போது, வீட்டில் சார் இருப்பாரா, ஸ்பீக்கரைப் பற்றிச் சில நுட்பமான கேள்விகள் கேட்க வேண்டும் என்று பாம்புக்காது ஆரம்பித்திருக்கிறார். சார் இருப்பார், ஆனால் அவருக்கு மிக்ஸிக்கும் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் தெரியாது, என்னிடம் கேளுங்கள் என்று டீச்சர் பதில் சொல்லியிருக்கிறார். மூடிப்போன ஒரு தியேட்டரிலிருந்து அவரே தேடி வாங்கி வந்தவை அந்தப் பெட்டிகள். ஒவ்வொன்றும் மார்பளவு உயரம். மேலே மரத்தில் செய்த அகன்ற ஹார்ன், கீழே சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய காகிதக் கூம்பு. இப்போது மகள் வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குக் குடிபோகிறார்கள். புது வீட்டு ஹாலில் ஸ்பீக்கரை வைத்தால் மனிதர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான் என்றார் டீச்சர்.

பாம்புக்காது வந்ததும் வராததுமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பெட்டிகளைச் சோதித்திருந்தார். டார்ச் அடித்துக் கூம்பின் விளிம்பைப் பார்த்தார். நான்கு விரல்களால் கூம்பை உள்ளே அழுத்தி, எங்காவது உரசுகிறதா என்று கேட்டார். உள்ளே செப்புக் கம்பி சுற்றிய காயிலில் கருகிய வாடை வருகிறதா என்று மோந்துகூடப் பார்த்தார். ஒரு குறையும் தட்டுப்படவில்லை. டீச்சரின் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, இவர் ஸ்பீக்கர் வாங்க வந்தவரா வைத்தியம் பார்க்க வந்தவரா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பாம்புக்காது தன்னுடைய பதிவைத்தான் போடச் சொன்னார். டிரம்ஸ், கலகலக்கும் சிம்பல் தட்டு, நடுவில் ஒரு பெண்ணின் குரல். பத்து வருஷமாக அதையே கேட்டு, அதில் எந்தச் சத்தம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். முதல் அடி நெஞ்சில் இறங்கியது. அடுத்து சிம்பல் வந்தது. அவர் முகம் மாறியது. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

இடது பெட்டியில் உச்சச் சத்தங்களைத் தருகிற ட்வீட்டர் செத்திருக்கிறது என்றார். சிம்பல் முழுக்க வலது பக்கமே கேட்கிறது, இடது பக்கம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. டீச்சர் புருவத்தை நெரித்தார். தனக்கு அப்படித் தெரியவில்லையே என்றார். மச்சினனும் மெதுவாக, "மாமா, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது" என்று இழுத்தான். உன் காது வேன் ஹார்னுக்குத்தான் லாயக்கு என்று அவன் வாயை அடைத்தார் பாம்புக்காது. பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, இந்தப் பெட்டிகளை யாராவது பிரித்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"ஆறு மாசம் முன்னாடி ஒருத்தர் வந்து தூசி தட்டிக் குடுத்தார். காயில்காரர்னு சொல்வாங்க. உங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

தெரியாமல் என்ன! பாம்புக்காது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். வாயெல்லாம் பல்.

காயில்காரர் என்பவர் ஸ்பீக்கர் மெக்கானிக். அறுந்த காயிலைக் கையாலேயே சுற்றி உயிர் கொடுப்பார். இவரும் அவரும் இருபது வருஷ சிநேகிதர்கள், அண்ணே தம்பி என்று பழகியவர்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பாம்புக்காது வீட்டு ஸ்பீக்கரில் இடது பெட்டி மங்கிப்போனது. காயில்காரர் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்றார். இவர் ஒற்றைக்காலில் நின்றார். சரி என்று ட்வீட்டரின் சவ்வைப் புதிதாக மாற்றினார். அப்படியும் தெளியவில்லை. அப்போதுதான் பாம்புக்காதுக்குப் பொறி தட்டியது. இவன் அசல் சவ்வை உருவிக்கொண்டு போலியை மாட்டியிருக்கிறான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெட்டிகளைக் கடைக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டி, அங்கே ஐந்தாறு பேர் நிற்கும்போது அதைச் சொல்லியும் விட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். காயில்காரர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். "சரிண்ணே, என் தப்புன்னே வெச்சுக்குங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு செய்யாதவன் சும்மா இருப்பானா என்று பாம்புக்காது போகிற இடமெல்லாம் கேட்டார். பாம்புக்காது சொன்னால் யார் மறுப்பார்கள்? தொழிற்சாலையின் அறிவிப்பு ஸ்பீக்கர்களைப் பழுது பார்க்கும் வேலை காயில்காரர் கையை விட்டுப் போனது. பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும், பாம்புக்காது அவசரப்பட்டுவிட்டார், காயில்காரர் அப்படிப்பட்டவர் இல்லை என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒன்றிரண்டு பேர்தான் இவருக்கு உறுத்தல்.

இன்றைக்கு அந்த உறுத்தலும் தீர்ந்தது. அதே ஆள், அதே இடது பெட்டி, அதே திருட்டு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று மச்சினனிடம் சொன்னார். டீச்சர் ஒரு சாட்சி, நீ ஒரு சாட்சி, திங்கட்கிழமை எல்லோருக்கும் சொல்கிறேன், அதற்குப் பிறகு அவன் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்றார்.

டீச்சருக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "நான் சாட்சின்னா முதல்ல சோதனை பண்ணிப் பாத்துடணும் சார். பார்க்காம ஒருத்தர் மேல பழி போட எனக்கு வராது" என்றார்.

சோதித்துப் பார்க்கலாமே, தாராளமாக என்றார் பாம்புக்காது. குற்றவாளி உள்ளே இருக்கிறான், பூட்டைத் திறந்தால் போதும் என்ற தெம்பு அவருக்கு. டீச்சர் முதலில் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் போய் வயர்களை மாற்றிச் சொருகினார். இடது பக்கம் போனது இப்போது வலதுக்கு, வலது பக்கம் போனது இடதுக்கு. குறை ஆம்ப்ளிஃபயரில் இருந்தால் அது வலது பக்கம் தாவ வேண்டும். பதிவை ஓடவிட்டார்கள். குறை இடது பக்கமே இருந்தது.

"பாத்தீங்களா? அப்ப பெட்டிதான்" என்றார் பாம்புக்காது.

அடுத்து பெட்டிகளையே இடம் மாற்றலாம் என்றார் டீச்சர். மச்சினன் பெருமூச்சு விட்டான். அடியில் சக்கரம் இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒரு மனிதர் எடைக்கு மேல். இரண்டு பேரும் தள்ளி, இழுத்து, கம்பளத்தில் சிக்கி, ஒருவழியாக இடது பெட்டி வலது பக்கமும் வலது பெட்டி இடது பக்கமும் வந்து நின்றன. குறை பெட்டியில் இருந்தால் இப்போது வலது பக்கம் மங்கலாகக் கேட்க வேண்டும். பாம்புக்காது வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். சிம்பல் வந்தது.

இடது பக்கம்தான் மங்கல்.

பாம்புக்காது தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு அறைதான் காரணம் என்றார். இடது சுவரில் திரை தொங்குகிறது, சத்தத்தைக் குடித்துவிடுகிறது. டீச்சர் மறுபேச்சில்லாமல் திரையைக் கழற்றி மடித்து வைத்தார். மாற்றமில்லை. அந்தப் பக்கம் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை மச்சினன் வெளியே கொண்டுபோனான். மாற்றமில்லை. பாம்புக்காதின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"சார், ஒண்ணுதான் பாக்கி" என்றார் டீச்சர். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது. சொல்ல மனம் வரவில்லை, சோதனையைப் பாதியில் விடவும் வரவில்லை. "நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டு உக்காருங்க. ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி."

அவர் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். எதிரே சாத்திய கதவு, அதில் மாட்டியிருந்த ஒரு குடை. முதுகுக்குப் பின்னால் பதிவு ஓடியது. இத்தனை நேரம் போர்வைக்குள்ளிருந்து வந்த பெட்டி பளிச்சென்று பாடியது. இத்தனை நேரம் பளிச்சென்று பாடிய பெட்டி போர்வைக்குள் போய்விட்டது. வயர் மாறவில்லை, பெட்டி மாறவில்லை, அறை மாறவில்லை. மாறியது அவர் ஒருவர்தான்.

பாம்புக்காது முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து நாற்காலியைப் பழையபடி திருப்பினார், உட்கார்ந்தார், கேட்டார். மறுபடி திருப்பினார். நான்கு தடவை அப்படிச் செய்தார். நான்காவது தடவை நாற்காலி சாய்ந்து விழுந்தது. டீச்சர் மேஜையிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து வந்து, தயங்கித் தயங்கி, அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் மெல்ல ஆட்டினார். கிணுகிணுவென்று கேட்டது. இடது காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். சாவிகள் ஆடுவது ஓரக்கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் இல்லை.

"மன்னிச்சுக்குங்க சார். முப்பத்து மூணு வருஷப் பழக்கம், ஆரம்பிச்சா முடிக்காம விட வராது" என்றார் டீச்சர். காது மருத்துவரைப் பார்த்தால் ஏதாவது வழி இருக்கும் என்றும் சொன்னார். பாம்புக்காது அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. அவர் கண் முன்னால் அந்தச் சனிக்கிழமை மத்தியானமும், ஒரு வார்த்தை பேசாமல் நின்ற முகமும்தான் இருந்தன. ஒரு திருட்டும் நடக்கவில்லை. ஒரு குறையும் எங்கேயும் இருக்கவில்லை. தன் காதை நம்பி, ஒரு மனிதனின் பெயரைத் தெருவில் போட்டு மிதித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஸ்பீக்கரை என்ன செய்வது என்று மச்சினன் கேட்டான். இவர் நேரே வேனில் போய் ஏறிக்கொண்டார். டீச்சரிடம் மச்சினன்தான் சமாதானம் சொல்லிவிட்டு வந்தான்.

காயில்காரரின் கடை பாதியாகச் சுருங்கியிருந்தது. நடுவில் பலகை அடைத்து மறுபாதியைச் செல்போன் உறை விற்பவருக்கு விட்டிருந்தார். வாசலில் நின்ற பாம்புக்காதைப் பார்த்ததும் காயில்காரர் கையிலிருந்த செப்புக் கம்பியைக் கீழே வைத்தார். எழுந்திருக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

பாம்புக்காது வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "என் இடது காது போயிடுச்சு தம்பி. உன் வேலையில ஒரு குறையும் இல்ல. நான்தான்..." என்றார்.

காயில்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "தெரியும்ணே" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். நீங்க கேட்டுக்கிட்டே தலையைத் திருப்பினீங்க. தலை திரும்பினப்பல்லாம் நீங்க மங்கல்னு கைகாட்டின பக்கமும் கூடவே திரும்பிச்சு. ஸ்பீக்கர்ல குறை இருந்தா அது ஏன் உங்க கூட வரணும்?"

பாம்புக்காதுக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. டீச்சர் வீட்டில் விழுந்தது பாதி இடிதான் போலிருக்கிறது. "தெரிஞ்சுமா என் தப்புன்னு சொன்னே?" என்று கேட்டார்.

அன்றைக்குக் கடையில் நின்ற ஐந்தாறு பேரில் தொழிற்சாலை மேனேஜரும் ஒருவர். தன்னுடைய ரேடியோவை வாங்கிப்போக வந்திருந்தார். அவர் காதுபட உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்றார் காயில்காரர். காதை வைத்துச் சோறு சாப்பிடுகிறவர் நீங்கள், சொல்லியிருந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அப்போதைக்குப் பழியை ஏற்றுக்கொண்டாராம். அன்று சாயங்காலமே போன் செய்தாராம். அடுத்த நாளும் செய்தாராம். வீட்டுக்கே வந்தாராம், கதவு திறக்கவில்லையாம். கதவு ஏன் திறக்கவில்லை என்பது பாம்புக்காதுக்கு நன்றாகவே தெரியும். ஜன்னல் வழியாக ஆளைப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லச் சொன்னவரே அவர்தான்.

அவர் அழுதுவிட்டார். மச்சினன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். நடந்தது நடந்துவிட்டது, விடுங்கள் அண்ணே என்று காயில்காரர் சொன்னார். அதைச் சொல்லும்போது கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார். ஒன்றரை வருஷம் அவ்வளவு சுலபமாக விட்டுவிடக்கூடியதா என்ன?

பாம்புக்காது முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். யாருக்கு என்று காயில்காரர் கேட்டார். மேனேஜருக்கு என்றதும் பதறிப்போய் கையைப் பிடித்தார். "எதுக்குண்ணே? வேலை போயிடும். நான் வாங்கிக்கிட்ட கெட்ட பேர் அப்புறம் வீணாத்தானே போகும்?"

அவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார். சனிக்கிழமை என்றாலும் மேனேஜர் தொழிற்சாலையில்தான் இருந்தார். பாம்புக்காது சுற்றி வளைக்கவில்லை. காயில்காரர் எந்த மோசடியும் செய்யவில்லை, குறை முழுக்கத் தன் இடது காதில்தான், ஒன்றரை வருஷமாக இருந்திருக்கிறது, இன்றைக்குத்தான் தெரிந்தது என்று ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வேலை போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது. மேனேஜர் கோபப்படுவார் என்று காத்திருந்தார்.

போனின் சத்தம் சின்னக் கடை முழுக்கக் கேட்டது. மேனேஜர் மிகவும் நிதானமாகப் பேசினார். போன மாதம் மூன்று மோட்டார்கள் பேரிங் கெட்டுத் திரும்பி வந்ததை நினைவுபடுத்தினார். லாரியில் குலுங்கியிருக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். பிறகு கேட்டார்.

"கம்பியை எந்தக் காதுல வெச்சுக் கேப்பீங்க?"

பாம்புக்காது வாயைத் திறந்தார். இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு அறுபது தடவை செய்கிற வேலை, ஆனால் எந்தக் காது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. போன் வலது கையில் இருந்தது. கம்பியைப் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கிக்கொண்டு இடது கை தானாக மேலே எழுந்தது. அது எங்கே போகிறது என்று அவரும் பார்த்தார், காயில்காரரும் பார்த்தார்.

"ஐயோ, நான் இதை யோசிக்கவே இல்லையேண்ணே" என்றார் காயில்காரர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஒன்றரை வருஷம். அவர் தலையாட்டி அனுப்பிய அத்தனை மோட்டார்களும் இந்த நேரத்தில் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தன. மேனேஜர் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார்.

"இடதுலதான் சார்" என்றார் அவர்.